அறுவை அறைக்கு வெளியே ஆட்சிக்குழு: பிரிஸ்டல் மருத்துவமனையின் வரலாறு

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் உள்ள துறைமுக நகரமான பிரிஸ்டலில், 1735ஆம் ஆண்டு நகரச் செல்வர்கள் ஒன்றுகூடி, ஏழை நோயாளிகளுக்குக் கட்டணமின்றி மருத்துவம் அளிக்கும் நிலையம் ஒன்றை நிறுவ முடிவு செய்து, அதற்கென ஆண்டுதோறும் சந்தா செலுத்துவதாகக் கையொப்பமிட்டனர். 1737இல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கிய அந்த நிலையமே பிற்காலத்தில் பிரிஸ்டல் ராயல் இன்ஃபர்மரி என்று பெயர் பெற்றது. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக்குப் பின், அதே மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சைக்கு உள்ளான பச்சிளங் குழந்தைகள் பிற மருத்துவமனைகளைவிட மிகுதியான எண்ணிக்கையில் இறந்தார்கள் என்பது வெளிப்பட்டபோது, ஒரு மருத்துவமனையின் ஆட்சிக்குழு அங்கு நடக்கும் சிகிச்சையின் தரத்துக்கு எந்த அளவுக்குப் பொறுப்பு என்ற கேள்வி பிரிட்டன் முழுவதையும் உலுக்கியது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே ஒரே வழக்கம் அறாமல் ஓடி வந்திருக்கிறது. பணம், கட்டடம், ஒழுங்கு ஆகியவை ஆட்சிக்குழுவின் பொறுப்பு, சிகிச்சையால் விளைந்த நன்மை தீமை மருத்துவரின் தனி உரிமை என்ற பாகுபாடே அந்த வழக்கம். அது எவ்வாறு வேரூன்றியது, எத்தனை பேர் அதைப் பிடுங்க முயன்று தோற்றனர், இறுதியில் எவ்வளவு விலை கொடுத்து அது அகற்றப்பட்டது என்பதைப் பிரிஸ்டலின் வரலாறு போலத் தெளிவாகக் காட்டும் வரலாறு வேறொன்று இல்லை.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இவ்வகையில் எழுந்த நிலையங்கள் ‘தன்னார்வ மருத்துவமனைகள்’ எனப்பட்டன. அரசின் பணமோ திருச்சபையின் நேரடி ஆளுகையோ இன்றி, தனியாரின் சந்தாவாலும் கொடையாலும் மட்டுமே அவை நடந்தன. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர், கைஸ், செயின்ட் ஜார்ஜ் ஆகியவை முதலில் தோன்ற, பிற நகரங்களில் பிரிஸ்டல் முன்னணியில் நின்றது. சுங்கத்துறை அலுவலரும் பெருஞ்செல்வருமான ஜான் எல்பிரிட்ஜ் அந்த மருத்துவமனையின் தொடக்ககாலப் புரவலருள் முதன்மையானவர். 1739இல் அவர் இறந்தபோது 5,000 பவுண்டை அதற்கு விட்டுச்சென்றார். அன்றைய பிரிஸ்டலின் செல்வத்தில் பெரும்பங்கு அடிமை வணிகத்தோடும் கரிபியத் தீவுகளின் சர்க்கரைத் தோட்டங்களோடும் பிணைந்திருந்தது என்பதையும் இங்குச் சொல்லாமல் விட முடியாது. ஏழைகளின் உடல்நலத்துக்காகத் திறந்த பணப்பைகள் வேறு மனிதர்களின் உடலுழைப்பைப் பறித்து நிரப்பப்பட்டவை.

சந்தா செலுத்தியவர் வெறும் கொடையாளர் அல்லர்; ஆளும் உரிமை பெற்றவரும் ஆவார். மருத்துவமனையில் சேர விரும்பும் ஏழை, சந்தாதாரர் ஒருவரின் பரிந்துரைக் கடிதத்தோடு வர வேண்டும். சந்தாதாரர்களிலிருந்து அமைந்த குழு வாரந்தோறும் கூடி, யாரைச் சேர்ப்பது, யாரை அனுப்புவது, இறைச்சியை எந்தக் கடையில் வாங்குவது, செவிலியின் சம்பளம் எவ்வளவு என்பனவற்றையெல்லாம் முடிவு செய்தது. அவர்களுள் சிலர் ‘இல்லப் பார்வையாளர்’ என்ற பெயரில் முறைவைத்து வார்டுகளைச் சுற்றி வந்து, படுக்கை விரிப்பு தூய்மையாக உள்ளதா, உணவு விதித்த அளவில் தரப்படுகிறதா, நோயாளிகள் சூதாடுகிறார்களா, செவிலியர்மீது யாருக்கேனும் முறையீடு உண்டா என்று கேட்டறிந்தனர். இதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. வணிகத்தில் சரக்கைச் சோதித்துப் பழகியவர்கள் அதே கூர்மையோடு மருத்துவமனையின் சமையலறையையும் சோதித்தார்கள். பின்வந்த பல ஆட்சிக்குழுக்களைவிட அவர்கள் வார்டுக்குள் அதிகமாக நடமாடினார்கள்.

ஆனால் அவர்களுடைய பார்வை ஓர் எல்லையில் நின்றது. மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஊதியமின்றி வந்து பணியாற்றினர். மருத்துவமனைப் பதவியால் கிடைத்த மதிப்பைக் கொண்டு செல்வர்களின் வீடுகளிலும், கட்டணம் செலுத்திப் பயிலும் மாணவர்களிடமும் வருவாய் ஈட்டினர். இலவசமாக வந்து உதவும் கனவானை, ‘உங்கள் கத்திக்குக் கீழ் இத்தனை பேர் ஏன் இறந்தார்கள்?’ என்று கேட்பது நாகரிகமற்ற செயலாகக் கருதப்பட்டது. கேட்கும் தகுதி தமக்கு உண்டு என்று சந்தாதாரர்களும் நம்பவில்லை. ஆண்டுதோறும் அச்சிடப்பட்ட அறிக்கையில் குணமடைந்தோர், ஓரளவு தேறியோர், இறந்தோர் என எண்ணிக்கைகள் வரிசையாக இடம்பெற்றன. அந்த எண்களின் நோக்கம் ஆராய்ச்சி அன்று; கொடுத்த பணம் வீண்போகவில்லை என்று கொடையாளருக்குக் காட்டி அடுத்த ஆண்டின் சந்தாவைப் பெறுவதே. எண்கள் கண்முன் இருந்தும் அவற்றைக் கேள்வியாக மாற்றும் கடமை யாருக்கும் இல்லாத நிலை, இவ்வாறு தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது.

இந்நிலையை மாற்ற முயன்றவர்கள் மருத்துவர்களிலிருந்தே தோன்றினர் என்பது கவனிக்கத்தக்கது. மான்செஸ்டர் மருத்துவமனையில் மருத்துவர்களுக்கும் அறங்காவலர்களுக்கும் இடையே எழுந்த பூசலைத் தொடர்ந்து நடத்தை விதிகளை வகுக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்ட தாமஸ் பெர்சிவல், 1803இல் வெளியிட்ட ‘மருத்துவ அறம்’ என்ற நூலில், ஒவ்வொரு மருத்துவமனையும் நோயாளிகளின் முடிவுகளைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்றும், அவற்றை ஒப்பிட்டால்தான் மருத்துவர் தம் செயலின் உண்மையான பயனை அறிய முடியும் என்றும் கூறினார். கிரிமியப் போரில் படை மருத்துவமனைகளின் அழுக்கையும் சாவையும் கண்டு திரும்பிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், எல்லா மருத்துவமனைகளும் ஒரே படிவத்தில் புள்ளிவிவரம் தர வேண்டும் என்று 1860இல் லண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டின் முன் வலியுறுத்தினார். சில மருத்துவமனைகள் படிவத்தை ஏற்றன. செலவும் உழைப்பும் மிகுதி என்று சில ஆண்டுகளில் கைவிட்டன. 1863இல் அவர் வெளியிட்ட அட்டவணையில், லண்டனின் 24 மருத்துவமனைகளின் இறப்பு விகிதம் 90 சதவீதத்துக்கும் மேல் என்றிருந்தது. ஓராண்டின் மொத்த இறப்புகளை, குறிப்பிட்ட ஒரு நாளில் படுக்கையில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைத்த எண் அது. ஒரே படுக்கையில் ஆண்டுக்குப் பலர் படுத்தெழுவதால் அந்தக் கணக்கு உண்மையைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டியது. மருத்துவர்கள் அந்தப் பிழையைச் சரியாகவே சுட்டினர், ஆனால் அதைக் காரணம் காட்டி ஒப்பீட்டையே ஒதுக்கிவிட்டனர். கணக்கில் குறை கண்டு கேள்வியைத் தள்ளும் இந்த வழி, ஏறத்தாழ 150 ஆண்டுகள் கழித்து மீண்டும் தலைகாட்டப் போகிறது.

எடின்பரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் யங் சிம்சன் 1869இல் திரட்டிய விவரம் இன்னும் கூர்மையானது. பெரிய மருத்துவமனைகளில் கை கால் துண்டிக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரில் 100க்கு 41 பேர் இறந்திருக்க, நாட்டுப்புற மருத்துவர்களிடம் அதே சிகிச்சை பெற்ற ஏறக்குறைய அதே எண்ணிக்கையினரில் 100க்கு 11 பேரே இறந்திருந்தனர். மருத்துவமனை என்ற இடமே நோயாளியைக் கொல்கிறது என்பதைக் காட்டிய இந்த எண்களும் எந்த அறங்காவலர் குழுவின் பதவியையும் அசைக்கவில்லை. 1908இல், பிரிஸ்டல் நகரிலேயே, பொது மருத்துவமனையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஏர்னஸ்ட் குரோவ்ஸ், அறுவை சிகிச்சைகளின் முடிவுகளை நாடெங்கும் ஒரே முறையில் பதிவு செய்ய வேண்டும் என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வேண்டுகோள் விடுத்தார். அவர் பணியாற்றிய மருத்துவமனை 1939இல் ராயல் இன்ஃபர்மரியோடு இணைக்கப்பட்டது. அந்த வேண்டுகோள் எழுந்த நகரமே பின்னர் அதைப் புறக்கணித்ததன் விலையைச் செலுத்தியது என்பது இந்த வரலாற்றின் மிக வருத்தமான பகுதி.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இதே கேள்வியை நேரே ஆட்சிக்குழுவை நோக்கி எழுப்பியவர், பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஏர்னஸ்ட் காட்மன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்து, நோய்க்குறி, கண்டறிந்த நோய், செய்த சிகிச்சை, நேர்ந்த சிக்கல், ஓராண்டு கழித்து நோயாளியின் நிலை ஆகியவற்றை எழுத வேண்டும். பலன் கிட்டாதபோது ஏன் என்று ஆராய வேண்டும். இந்த ஆராய்ச்சி நடக்கிறதா என்று பார்ப்பது அறங்காவலர்களின் கடமை என்பது அவர் கொள்கை. ‘இறுதிப் பயன்’ என்று அவர் பெயரிட்ட அம்முறையைத் தம் சொந்தச் சிறு மருத்துவமனையில் கடைப்பிடித்து, 1911 முதல் 1916 வரை அங்கிருந்து அனுப்பப்பட்ட 337 நோயாளிகளின் சிகிச்சையில் நேர்ந்த 123 பிழைகளைத் தம் பணத்தில் அச்சிட்டு வெளியிட்டார். 1915 ஜனவரியில் தாம் கூட்டிய மருத்துவர் கூட்டமொன்றில் அவர் பெரிய கேலிச்சித்திரம் ஒன்றைத் திரை விலக்கிக் காட்டினார். நகரின் செல்வந்த மக்கள் மணலில் தலையைப் புதைத்த நெருப்புக்கோழியாக நின்று, பொன்முட்டைகளை மருத்துவர்கள் பக்கம் உதைத்துத் தள்ள, உண்மை தெரிந்தால் கோழி தொடர்ந்து முட்டையிடுமா என்று அறங்காவலர்கள் தயங்குவதாக அச்சித்திரம் அமைந்திருந்தது. கூட்டம் கொந்தளித்தது, உள்ளூர் மருத்துவச் சங்கத்தில் அவர் வகித்த பதவி பறிபோனது. ஆனால் அவருடைய சிந்தனை அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் தர இயக்கத்துக்கு விதையாயிற்று. அந்த இயக்கம் முதலில் ஆய்வு செய்த, 100 படுக்கைகளும் அதற்கு மேலும் கொண்ட 692 மருத்துவமனைகளில் 89 மட்டுமே குறைந்தபட்சத் தரத்தை எட்டின. புகழ்பெற்ற மருத்துவமனைகள் பலவும் தவறியிருந்ததால், 1919இல் நியூயார்க் விடுதி ஒன்றின் உலையில் அப்பட்டியல் எரிக்கப்பட்டது. உண்மையைத் திரட்டியவர்களே அதைத் தீயிலிட வேண்டியிருந்த அளவுக்கு, அறியாமல் இருப்பது மருத்துவமனைகளுக்கு வசதியாக இருந்தது.

சட்டம் இதில் தலையிடப் பல பத்தாண்டுகள் ஆயின. இல்லினாய் மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகர மருத்துவமனையில், கால்பந்து ஆட்டத்தில் கால் முறிந்து வந்த 18 வயது மாணவருக்கு இறுக்கமாகக் கட்டப்பட்ட மாவுக்கட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டது. விரல்கள் வீங்கிக் கறுத்ததைச் செவிலியர் கண்டும் மேலிடத்துக்குத் தெரிவிக்கவில்லை. இறுதியில் முழங்காலுக்குக் கீழ் கால் நீக்கப்பட்டது. மருத்துவர் தனிப்பட்ட முறையில் தொழில் செய்பவர், மருத்துவமனை இடம் தருவது மட்டுமே என்ற வாதத்தை 1965இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சிகிச்சையைக் கண்காணிக்கும் கடமை மருத்துவமனைக்கே நேரடியாக உண்டு என்று தீர்ப்பளித்தது. அமெரிக்க ஆட்சிக்குழுக்கள் இழப்பீட்டுக்கு அஞ்சியேனும் மருத்துவரின் தகுதியை ஆராயத் தொடங்கியது அதன் பிறகுதான்.

பிரிட்டனில் 1948 ஜூலையில் தேசிய சுகாதார சேவை தொடங்கி, தன்னார்வ மருத்துவமனைகளில் பெரும்பாலானவை அரசுடைமை ஆனபோதும் பழைய பாகுபாடு கலையவில்லை. சந்தாதாரர் குழுவின் இடத்தில் அமைச்சர் நியமித்த குழு அமர்ந்தது, அவ்வளவே. மருத்துவர் இப்போது ஊதியம் பெற்றார் என்றாலும், சிகிச்சை முடிவுகளில் எவரும் தலையிடலாகாது என்ற ‘மருத்துவச் சுதந்திரம்’ முன்னிலும் உறுதியானது. கார்டிஃபில் மனவளர்ச்சி குன்றியோருக்கான எலி மருத்துவமனையில் நோயாளிகள் கொடுமைப்படுத்தப்பட்டது பற்றி ஜெஃப்ரி ஹவ் தலைமையிலான குழு 1969இல் அளித்த அறிக்கை, நிர்வாகக் குழுவினர் வார்டுகளைப் பார்வையிட்டு வந்தும் கண்முன் நடந்ததை அறியாமல் போனதைக் காட்டியது. 18ஆம் நூற்றாண்டில் தோன்றிய பார்வையாளர் முறை சடங்காகிவிட்டது என்பதற்கு அது சான்று. 1983இல் பல்பொருள் அங்காடி நிறுவனம் ஒன்றிலிருந்து அழைக்கப்பட்ட ராய் கிரிஃபித்ஸ், மருத்துவமனைகளுக்குப் பொது மேலாளர்களை அமர்த்தப் பரிந்துரைத்தார். சிகிச்சையின் பயனை யாரும் அளப்பதில்லை என்றும் சுட்டினார். மேலாளர்கள் வந்தார்கள், அளவீடு வரவில்லை. 1991 ஏப்ரலில் மருத்துவமனைகள் ‘டிரஸ்ட்’ என்ற தன்னாட்சி அமைப்புகளாக்கப்பட்டபோது, பிரிஸ்டல் முதல் வரிசையிலேயே இடம்பெற்றது. ஒரு டிரஸ்டின் ஆட்சிக்குழுவுக்குச் சட்டம் விதித்த கடமைகளைப் படிப்பவர் வியப்படைவார்: வரவுக்குள் செலவு செய்தல், சொத்து மதிப்பில் ஆண்டுக்கு 6 சதவீத ஈட்டம் காட்டுதல், கடன் வரம்பை மீறாதிருத்தல். சிகிச்சை நன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட அந்தச் சட்டக் கடமைகளில் இல்லை. மருத்துவர்கள் தங்கள் பணியைத் தாங்களே ஆய்ந்து பார்க்கும் ‘மருத்துவத் தணிக்கை’ அப்போது அறிமுகமாகியிருந்தது. ஆனால் அதன் விவரங்கள் மருத்துவர்களுக்குள் இரகசியம், நிர்வாகத்துக்குப் பொதுவான முடிவுகள் மட்டுமே என்று விதி இருந்தது.

இந்தச் சூழலில்தான் பிரிஸ்டலின் குழந்தை இதய அறுவைப் பிரிவு இயங்கியது. பச்சிளங் குழந்தைகளின் இதயத்தைத் திறந்து செய்யும் அறுவை அரிதான திறன் வேண்டுவது என்பதால், அதைச் சில மையங்களில் மட்டுமே செய்வதென 1984இல் அரசு முடிவெடுத்து, அவற்றுக்கு நேரடியாக நிதி அளித்தது. பிரிஸ்டலுக்கு வந்த குழந்தைகளின் எண்ணிக்கை குறைவு. இருந்தும் தென்மேற்கு இங்கிலாந்துக்கும் தெற்கு வேல்ஸுக்கும் ஒரு மையம் வேண்டும் என்ற நிலவியல் காரணத்தால் அது தேர்வானது. அறுவை ராயல் இன்ஃபர்மரியில். குழந்தை இதய நோய் நிபுணர்களோ மேட்டின்மேல் தனியே இருந்த குழந்தைகள் மருத்துவமனையில். அறுவை முடிந்த குழந்தை பெரியவர்களுக்கிடையே ஒரே தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடத்தப்பட்டது. அங்குக் குழந்தைகளுக்கென்று பயின்ற செவிலியர் போதவில்லை.

1988இல் அங்கு மயக்க மருந்து நிபுணராகச் சேர்ந்த ஸ்டீபன் போல்சின், தாம் முன்பு பணியாற்றிய இடத்தைவிட அறுவைகள் நெடுநேரம் நீள்வதையும் குழந்தைகள் அதிகமாக இறப்பதையும் கவனித்து, 1990இல் தலைமை நிர்வாகி ஜான் ராய்லன்ஸுக்குக் கடிதம் எழுதினார். அதற்குப் பயனாகக் கிடைத்தது கண்டிப்பே. அதன்பின் சக மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து அவர் அறுவைகளின் முடிவுகளைத் தாமே கணக்கெடுத்தார். முறையிடும் வழியும் வளைந்து திரும்பிக் குற்றம் சாட்டப்பட்டவரிடமே வந்து நின்றது. ஏனெனில் அப்பிரிவின் மூத்த அறுவை மருத்துவரே சில ஆண்டுகள் டிரஸ்டின் மருத்துவ இயக்குநராகவும் இருந்தார். 1992இல் ஓர் அங்கத இதழ் இந்த இறப்புகளைப் பற்றி எழுதியும் ஆட்சிக்குழுவின் வேலை நிரலில் அது இடம்பெறவில்லை.

1995 ஜனவரியில் நடந்தது, அதுவரையிலான வரலாறு முழுவதையும் இரண்டு நாளில் சுருக்கிக் காட்டுகிறது. சில குழந்தைகள் இதயத்தின் இரு பெருந்தமனிகளும் இடம் மாறிப் பிறக்கின்றன. உடலுக்குச் செல்ல வேண்டிய தமனி வலப்பக்க அறையிலும், நுரையீரலுக்குச் செல்ல வேண்டியது இடப்பக்க அறையிலும் இணைந்திருக்கும். இரண்டையும் வெட்டி, இதயத் தசைக்கு இரத்தம் தரும் நுண்ணிய கிளைகளையும் எடுத்துப் புதிய இடத்தில் தைத்து மாற்றுவது ‘தமனி மாற்று அறுவை’. பிரிஸ்டலில் இந்த அறுவையின் முடிவுகள் மோசமாக இருந்தன. 18 மாதக் குழந்தை ஒன்றுக்கு இந்த அறுவை திட்டமிடப்பட்டபோது, முந்தைய நாள் மாலை மருத்துவர்கள் கூடி விவாதித்தனர். போல்சின் மட்டும் வேண்டாம் என்றார். மற்றவர்கள் நடத்தலாம் என முடிவு செய்தனர். சுகாதாரத் துறை அதிகாரி ஒருவர் தலைமை நிர்வாகியைத் தொடர்பு கொண்டு கவலை தெரிவித்தார். நிறுத்தும் அதிகாரம் இருந்தவர் நிறுத்தவில்லை. இப்படி ஒரு கூட்டம் நடந்தது என்று பெற்றோருக்குச் சொல்லப்படவும் இல்லை. ஜனவரி 12 அன்று அறுவை நடந்தது, குழந்தை இறந்தது.

பொது மருத்துவக் கவுன்சில், அதாவது மருத்துவரின் பதிவை நீக்கும் அதிகாரம் கொண்ட அமைப்பு, 1998 ஜூனில் தீர்ப்பு வழங்கியது. மூத்த அறுவை மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். இன்னொருவர் குழந்தைகளுக்கு அறுவை செய்யத் தடை விதிக்கப்பட்டது. ராய்லன்ஸ் கத்தியைத் தொட்டவர் அல்லர். கதிரியல் மருத்துவராகப் பயின்று நிர்வாகத்துக்கு வந்தவர். மருத்துவச் சிக்கலை மருத்துவர்களே தீர்க்க வேண்டும், நிர்வாகி தலையிடுவது முறையன்று என்பது அவர் தரப்பு வாதம். 1735இல் தொடங்கிய பாகுபாட்டின் மிகத் தெளிவான வாக்குமூலம் அது. அவர் அதை நேர்மையாகவே நம்பியிருக்கக் கூடும். கவுன்சில் அவரையும் நீக்கியது. மேல்முறையீட்டில் பிரிவி கவுன்சில் 1999இல் அதை உறுதி செய்தது. நிர்வாக நாற்காலியில் அமர்ந்ததால் நோயாளியின் பாதுகாப்பு குறித்த கடமை ஒருவரை விட்டு நீங்கிவிடாது என்று பிரிட்டனில் உறுதியானது அப்போதுதான்.

அரசு அமைத்த விசாரணைக் குழு, இயன் கென்னடியின் தலைமையில் 1,800க்கும் மேற்பட்ட குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2001 ஜூலையில் அறிக்கை தந்தது. 1991 முதல் 1995 வரை இதயத்தைத் திறந்து செய்த அறுவைகளுக்குப் பின், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில், சராசரி மையம் ஒன்றில் எதிர்பார்க்கத்தக்கதைவிட 30 முதல் 35 பேர் கூடுதலாக இறந்திருந்தனர். தீய மனிதர்களின் கதை இது அன்று என்று கென்னடி தெளிவுபடுத்தினார். சிறு குழுவின் கையில் குவிந்த அதிகாரம், தீர்வில்லாமல் சிக்கலைக் கொண்டு வருபவரை விரும்பாத தலைமை, கண்காணிப்பது பிறர் பொறுப்பு என்று சுகாதாரத் துறை, சிறப்பு மையங்களின் ஆலோசனைக் குழு, அறுவை மருத்துவர் கல்லூரி ஆகிய ஒவ்வொன்றும் எண்ணியிருந்த நிலை ஆகியவற்றை அவர் அடுக்கிக் காட்டினார். எண்கள் இல்லாமல் இல்லை என்பதே அறிக்கையின் மிகக் கனமான செய்தி. எண்கள் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. அவற்றைப் படித்துக் கேட்க வேண்டியவர் இவர் என்று யாரையும் சுட்ட முடியவில்லை. பின்னர் டேவிட் ஸ்பீகல்ஹால்டரும் அவரோடு பணியாற்றிய புள்ளியியலாளரும், இரண்டாம் உலகப் போரின்போது போர்த் தளவாடங்களைச் சோதிக்க வகுத்த முறை ஒன்றை இந்தத் தரவுகளில் பயன்படுத்திப் பார்த்தனர். ஒவ்வோர் அறுவைக்கும் எதிர்பார்க்கத்தக்க ஆபத்தையும் உண்மையில் நேர்ந்ததையும் ஒப்பிட்டு, வேறுபாட்டைக் கூட்டிக்கொண்டே சென்று, கூட்டுத்தொகை குறித்த எல்லையைக் கடந்தால் எச்சரிக்கை எழுப்பும் முறை அது. அப்போதே கையில் இருந்த விவரங்களைக் கொண்டு பல ஆண்டுகள் முன்னதாகவே எச்சரிக்கை எழுந்திருக்கும் என்று அது காட்டிற்று. 1995இல் புதிய அறுவை மருத்துவர் அமர்த்தப்பட்டு, குழந்தைகளுக்கான அறுவை குழந்தைகள் மருத்துவமனைக்கே மாற்றப்பட்ட பின், ஒரு வயதுக்குட்பட்டோரில் 29 சதவீதமாக இருந்த இறப்பு 1999 முதல் 2002 வரையிலான காலத்தில் 3 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் குழந்தைகள் இறந்தது மருத்துவ அறிவின் எல்லையால் அல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

அறிக்கை வருமுன்னரே சட்டம் மாறியிருந்தது. 1999ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம், சிகிச்சையின் தரத்தைக் கண்காணித்து மேம்படுத்தும் ஏற்பாட்டைச் செய்வது டிரஸ்டின் சட்டக் கடமை என்று விதித்தது. வரவு செலவுக்குப் பொறுப்பேற்பது போலவே சிகிச்சைத் தரத்துக்கும் தலைமை நிர்வாகியும் ஆட்சிக்குழுவும் பொறுப்பேற்கும் இம்முறைக்கு ‘மருத்துவ ஆளுகை’ என்று பெயரிடப்பட்டது. ஆனால் சட்டத்தில் கடமையை எழுதுவதும் கூட்ட அறையில் அதை நிறைவேற்றுவதும் வேறு வேறு என்பதை ஸ்டாஃபோர்ட் மருத்துவமனை விரைவிலேயே காட்டியது. அதை நடத்திய மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் டிரஸ்ட், அதிகத் தன்னாட்சி தரும் ‘அறக்கட்டளை’ தகுதியை அடையும் முனைப்பில் 2006-07இல் ஒரு கோடி பவுண்டு செலவைக் குறைக்க முற்பட்டு, செவிலியர் பணியிடங்களை வெட்டியது. அவசர சிகிச்சைப் பிரிவில் யாரை முதலில் கவனிப்பது என்பதை மருத்துவப் பயிற்சி இல்லாத வரவேற்பாளர்கள் முடிவு செய்தனர். 2007இல் வெளியான இறப்புக் குறியீடு, எதிர்பார்க்கத்தக்க இறப்பை 100 என்று கொண்டால் ஸ்டாஃபோர்டில் 127 என்று காட்டியது. நோயின் பெயர்களைக் குறியீடாகப் பதிவதில் உள்ள பிழையே காரணம் என்று ஆட்சிக்குழு சமாதானம் கண்டது. நைட்டிங்கேலின் அட்டவணையை எதிர்கொண்ட மருத்துவர்கள் செய்ததும் இதுவே. குழு பெரும்பாலும் மூடிய கதவுக்குள் கூடியது. நோயாளிகளின் முறையீடுகள் தொகுப்பு எண்ணாகச் சுருங்கி வந்தன. தாகத்துக்குத் தண்ணீர் கிடைக்காமல் நோயாளிகள் பூச்சாடித் தண்ணீரைக் குடித்ததாகக் குடும்பத்தினர் கூறிய நிலை அந்த எண்ணில் எங்கும் தென்படவில்லை. இறந்தவர்களின் மகள்களும் மகன்களும் கூடி நடத்திய போராட்டமே, ராபர்ட் ஃபிரான்சிஸின் இரு விசாரணைகளுக்கும், 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு வந்த அறிக்கைக்கும் வழி செய்தது. அவர் முதற்பொறுப்பை ஆட்சிக்குழுவின் மீதே வைத்தார். 2014இல் அந்த டிரஸ்டைக் கலைக்க முடிவு செய்யப்பட்டது. தவறு நேர்ந்தால் நோயாளிக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்ற கடமையும், இயக்குநராக அமர்பவரின் தகுதியைச் சோதிக்கும் விதியும் அவ்வாண்டே சட்டமாயின.

அமெரிக்காவிலும் இதே காலத்தில் பார்வை ஆட்சிக்குழுவின் பக்கம் திரும்பியது. மருத்துவப் பிழையால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக 1999இல் மருத்துவக் கழகம் வெளியிட்ட மதிப்பீட்டைத் தொடர்ந்து, 2006இல் தொடங்கிய ஓர் இயக்கம், ஆட்சிக்குழு தன் கூட்ட நேரத்தில் நான்கில் ஒரு பங்கையேனும் தரத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒதுக்க வேண்டும் என்றும், தன் மருத்துவமனையில் தீங்குக்கு உள்ளான நோயாளி ஒருவரின் அனுபவத்தைக் கேட்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது. அங்குள்ள ஆட்சிக்குழுத் தலைவர்களிடம் அஷிஷ் ஜா, ஆர்னால்ட் எப்ஸ்டீன் ஆகியோர் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் முதலிரண்டு முன்னுரிமைகளுள் சிகிச்சைத் தரமும் ஒன்று என்றவர்கள் பாதிக்கும் குறைவு. தர அளவீட்டில் மிகப் பின்தங்கிய மருத்துவமனைகளின் தலைவர்களில் ஒருவர்கூடத் தம் மருத்துவமனை மற்றவற்றைவிடத் தாழ்ந்தது என்று சொல்லவில்லை. பாதிக்கும் மேற்பட்டோர் மேலானது என்றே கருதினர். ஒப்பிட்டுப் பார்க்காதவரை எந்த ஆட்சிக்குழுவுக்கும் தன் மருத்துவமனை நல்லதாகவே தோன்றும் என்பதற்கு, பிரிஸ்டலையும் ஸ்டாஃபோர்டையும் விட விரிந்த சான்று அது.

பிரிஸ்டல் குழந்தைகள் மருத்துவமனைமீது மீண்டும் ஒருமுறை பெற்றோரின் முறையீடு எழுந்தது. இதய நோய்க் குழந்தைகள் தங்கிய 32ஆம் வார்டில் செவிலியர் பற்றாக்குறை இருப்பதாக 2012இல் அரசு ஆய்வாளர்கள் எச்சரித்தனர். குழந்தைகளை இழந்த குடும்பங்கள் தனி விசாரணை கேட்டன. எலினார் கிரே தலைமையில், கென்னடியும் ஆலோசகராக இருந்து நடந்த அந்த ஆய்வு 2016 ஜூனில் வெளிவந்தது. சிகிச்சையின் முடிவுகள் நாட்டின் பிற மையங்களோடு ஒப்பிடத்தக்கவையாகவே இருந்தன. 1990களின் நிலை திரும்பியதற்குச் சான்று ஏதும் இல்லை. ஆனால் வார்டில் செவிலியர் பளு தாங்காமல் திணறினர் என்பதையும், கேள்வி கேட்ட பெற்றோருக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை என்பதையும் அந்த ஆய்வு பதிவு செய்தது. இறப்பு விகித வரைபடத்தைத் தவறாமல் பார்க்கக் கற்றுக்கொண்ட நிறுவனம், அந்த வரைபடத்தில் அடங்காத ஒன்றைப் படுக்கையருகே அமர்ந்திருந்த தாய் தந்தையர் கண்டிருந்தனர் என்பதை ஏற்று, அவர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது.